பரணில் கிடக்கும் பெட்டியை யார் திறப்பது?



கிராமத்திலிருந்து மதராஸ் பார்க்க வந்தவர்கள் ஒரு காலத்தில் இரண்டு 'காலேஜ்'களைப் பார்க்காமல் ஊர் திரும்ப மாட்டார்கள். ஒன்று உயிர் காலேஜ். மற்றொன்று செத்த காலேஜ். புலியும் குரங்கும் உயிரோடு உலவிய மிருகக்காட்சி சாலை உயிர் காலேஜ். 1851இல் தொடங்கப்பெற்று, இன்றும் எழும்பூரில் இருக்கும் அரசு அருங்காட்சியகம் செத்த காலேஜ்!

பெயர் வைத்தவர் யாரோ தெரியாது. ஆனால் நம்மில் பெரும்பாலோர் மனதில் அருங்காட்சியகம் என்றால் இன்றைக்கும் அதே எண்ணம்தான். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது பஸ்ஸில் ஏற்றி அழைத்துப் போனார்கள். வரிசையாக நடந்தோம். கண்ணாடிக்குள் கல் இருந்தது, செம்பு இருந்தது. 'தொடாதே' என்று வாத்தியார் அதட்டினார். வெளியே வந்து ஐஸ் வாங்கித் தின்றோம். அத்தோடு முடிந்தது.

ஒரு நிமிடம் சிந்தித்துப் பாருங்கள். அந்தக் கல் தானாக நடந்து வந்து கண்ணாடிக்குள் உட்கார்ந்ததா? ஆயிரம் கற்களில் இந்தக் கல்லை ஒருவர் பொறுக்கி எடுத்திருக்கிறார். இதற்குப் பக்கத்தில் எது இருக்கவேண்டும் என்று முடிவு செய்திருக்கிறார். கீழே நான்கு வரி எழுதியிருக்கிறார். லட்சக்கணக்கான மக்கள் அந்த நான்கு வரியைப் படித்துவிட்டு, 'ஓகோ, இதுதான் வரலாறு' என்று வீட்டுக்குப் போகிறார்கள். அந்த மனிதருக்குக் காப்பாட்சியர் என்று பெயர். அது ஒரு தொழில். படித்துக் கற்றுக்கொள்ள வேண்டிய தொழில். டாக்டர், இன்ஜினியர், வக்கீல் என்று நம் பிள்ளைகளுக்குக் கனவு காணும் நாம், இப்படி ஒரு தொழில் இருப்பதை அவர்களுக்குச் சொன்னதுண்டா?

'நம் வரலாற்றைத் திரிக்கிறார்கள், மறைக்கிறார்கள்' என்று மேடைதோறும் முழங்குகிறோம். முழங்கவேண்டியதுதான். ஆனால் மறைக்கப்பட்டதை எடுத்து முறையாக மக்கள் முன் வைக்க நம்மிடம் எத்தனை பேர் இருக்கிறார்கள்?

ஓர் அனுபவத்தைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் கடற்கரை ஊர் ஒன்றில் ஒரு கல்வி நிலையத்தின் ஆண்டு விழா. 'நமது பாரம்பரியக் கண்காட்சி' என்று வாசலில் பெரிய பேனர். ஆசையோடு உள்ளே போனேன். ஜன்னல் ஓரம் ஒரு மேசை. அதன்மேல் கையெழுத்துப் பிரதியாக ஓர் அரபுத்தமிழ் கிதாபு. அரபு எழுத்தில் தமிழை எழுதிய நம் முன்னோரின் அருங்கொடை! அதை முதுகு முறிய விரித்து வைத்து, மூடிக்கொள்ளாமல் இருக்க இரண்டு பக்கமும் கல் வைத்திருந்தார்கள். கிழிந்த இடங்களில் செல்லோடேப். நேர் வெயில் ஏட்டின்மீது அடித்துக் கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு பழைய பத்திரம், பளபளவென்று லேமினேஷன் செய்யப்பட்டு! கிதாபுக்குக் கீழே ஒரு சார்ட் பேப்பர் துண்டு: 'பழமையான கிதாபு.' அவ்வளவுதான்.

எதிர்ச் சுவரிலோ எழுத்துக்குப் பஞ்சமில்லை. 'உலகில் முதன்முதலில் வானத்தில் பறந்தவர் முஸ்லிம்', 'காமிராவைக் கண்டுபிடித்தவர் முஸ்லிம்' என்று வண்ண வண்ண எழுத்துகள்.

மேசைக்குப் பின்னால் நின்ற மாணவரிடம், 'தம்பி, இந்தக் கிதாபு யார் எழுதியது? யார் வீட்டிலிருந்து வந்தது?' என்று கேட்டேன். 'தெரியாது சார். மேசையில வைக்கச் சொன்னாங்க, வச்சேன்' என்றார். அவர்மீது தவறில்லை. யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. நான் மட்டும் என்ன செய்தேன்? 'மாஷா அல்லாஹ், அருமை' என்று பார்வையாளர் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். அந்தக் கையெழுத்து இன்றும் என்னை உறுத்துகிறது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

ஒரு வாக்கியம் எழுதத் தெரியுமா?

வணிகப் பெருமக்களே, உங்களுக்குத் தெரிந்த உதாரணத்திலிருந்தே தொடங்குகிறேன். கடையில் சரக்கு நிறைந்திருக்க வேண்டும். ஜவுளிக் கடையில் அலமாரி காலியாகக் கிடந்தால் வாடிக்கையாளர் படியேற மாட்டார். ஷோகேஸில் பத்துப் புடவை இருந்தால் உள்ளே பத்தாயிரம் இருக்கிறது என்று அவருக்குத் தெரியவேண்டும். கண்காட்சி இதற்கு நேர் எதிரானது. கையில் உள்ளதை எல்லாம் பரப்பி வைப்பவன் கண்காட்சி நடத்தவில்லை, சந்தை போடுகிறான். ஆனால் நம் பள்ளிகளில் நடப்பது பெரும்பாலும் அந்தச் சந்தைதான்.

அப்படியானால் மாணவர்களுக்கு முதல் பாடம் எது? பொருள்களைத் திரட்டுவதற்கு முன், கண்காட்சி என்ன சொல்லப் போகிறது என்பதை ஒரே ஒரு வாக்கியத்தில் எழுத வைப்பது. பெவர்லி ஸெரல் என்ற அமெரிக்கப் பெண்மணி, கண்காட்சியின் விளக்க அட்டைகளை எழுதுவது எப்படி என்று 1996இல் ஒரு முழு நூலே எழுதியிருக்கிறார். அவர் வற்புறுத்துவது இதைத்தான். யார், என்ன செய்தார்கள், அதனால் என்ன ஆயிற்று: மூன்றும் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கவேண்டும். 'அரபுத்தமிழ் நூல்கள்' என்பது தலைப்பு. அது வாக்கியமல்ல. 'நமது பாரம்பரியம்' என்பது தலைப்புகூட அல்ல, வெறும் பேனர்.

இருபது மாணவ மாணவியரை உட்கார வைத்து, 'நம் ஊரின் சபர் வாழ்க்கை' பற்றி ஒரு கண்காட்சி வைக்கவேண்டும், வாக்கியத்தை எழுதுங்கள் என்று சொல்லிப் பாருங்கள். முதல் நாள் எல்லோரும் ஒரே மாதிரி எழுதுவார்கள்: 'நம் முன்னோர்கள் கடல் கடந்து சென்று வணிகம் செய்து பொருளீட்டினார்கள்.' சரிதான். ஆனால் அதனால் என்ன ஆயிற்று? இரண்டாம் நாள், மூன்றாம் நாள் பேசப் பேசத்தான் யாராவது ஒரு மாணவி தயங்கித் தயங்கிச் சொல்வாள்: 'சபராளிகள் பணம் அனுப்பினார்கள். கப்பலே ஏறாத பெண்கள் அந்தப் பணத்தில் வீட்டைக் கட்டினார்கள், பிள்ளைகளை வளர்த்தார்கள், ஊரை நிற்க வைத்தார்கள்.' இதோ, வாக்கியம் கிடைத்துவிட்டது! இனிமேல் எந்தப் பொருளைத் தேடிப் போகவேண்டும் என்று அந்த வகுப்புக்குத் தெரியும். பினாங்கில் எடுத்த கோட்டு சூட்டுப் போட்டோ மட்டும் போதாது. உம்மாவின் சாவிக்கொத்து வேண்டும், வீட்டுச் செலவுக் கணக்கு எழுதிய நோட்டு வேண்டும்.

அப்புறம் வீடு வீடாகப் போகவேண்டும். மூத்தவர்களிடம் உட்கார்ந்து கேட்கவேண்டும். நாகப்பட்டினத்தில் ஏறிய 'ரஜுலா' கப்பலைப் பற்றிச் சொல்ல இன்னும் சிலர் இருக்கிறார்கள். 1985இல் தீ விபத்துக்குள்ளான 'சிதம்பரம்' கப்பலில் போய்வந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். 1942இல் ஜப்பான் படை பர்மாவுக்குள் நுழைந்தபோது காடு மலை கடந்து நடந்தே வந்தவர்களின் பிள்ளைகள் இருக்கிறார்கள். 1960களில் ரங்கூனில் கடை கண்ணிகளை அரசு எடுத்துக்கொள்ள, கட்டிய துணியோடு கப்பலேறிய குடும்பங்கள் இருக்கின்றன. இவர்கள் வீட்டுப் பரண்களில் தகரப் பெட்டிகள் இருக்கின்றன. வீடு இடிக்கும்போதும், பாகப்பிரிவினை நடக்கும்போதும் அந்தப் பெட்டிகள் பழைய இரும்புக்காரரிடம் போய்க்கொண்டிருக்கின்றன. உள்ளிருந்த காகிதம் கிலோக் கணக்கில் பழைய பேப்பர் கடைக்குப் போகிறது. ஒவ்வொரு மாதமும் ஏதோ ஓர் ஊரில் இது நடக்கிறது.

அமானிதம்

வீட்டுக்காரர் ஒரு பொருளைக் கொடுத்துவிட்டால் அது அந்த நிமிடத்திலிருந்து அமானிதம். இந்த ஒரு சொல்லை நம் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆனால் அமானிதத்தைக் காப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. அதைச் சொல்லித்தரவேண்டும்.

நாள்வழியும் பேரேடும் எழுதும் வணிகருக்கு இது உடனே புரியும். ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண். யார் கொடுத்தார், எந்தத் தேதியில், அவர் கைக்கு அது எப்படி வந்தது, எங்கே கீறல், எங்கே துரு என்பதெல்லாம் பதிவேட்டில் ஏறவேண்டும். நான்கு பக்கமும் போட்டோ எடுக்கவேண்டும். இன்று எல்லோர் கையிலும் போன் இருக்கிறது, செலவில்லை. கொடுத்தவருக்கு ரசீது தரவேண்டும். திருப்பித் தரும் தேதி அதில் இருக்கவேண்டும். எண்ணைப் பொருளின்மீது பேனாவால் எழுதக் கூடாது. சிறு அட்டையில் பென்சிலால் எழுதி நூலால் கட்டவேண்டும்.

பழைய காகிதத்துக்குச் செல்லோடேப் விஷம். அதன் பசை மஞ்சளாகிக் காகிதத்துக்குள் இறங்கிவிடும். லேமினேஷன் அதைவிட மோசம். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைத் திரும்பப் பிரிக்க முடியாது. நம் ஊர்களில் எத்தனை பத்திரங்கள், எத்தனை சனதுகள் இப்படிப் பாசத்தோடு நாசமாக்கப்பட்டிருக்கின்றன! புத்தகத்தை முழுசாக விரித்துப் படுக்க வைக்காமல், ரெஹாலில் வைப்பதுபோலப் பாதி விரித்துச் சாய்வாகத் தாங்கி வைக்கவேண்டும். நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக இருக்கும் ரெஹாலை விட்டுவிட்டு மேசைமேல் கல் வைத்தார்களே என்பதுதான் எனக்கு ஆச்சரியம். கழுவி நன்றாக உலர்ந்த கையே போதும். வெள்ளை உறை மாட்டிக்கொண்டால் காகிதத்தின் விளிம்பு விரலுக்குத் தெரியாமல் கிழிந்துவிடும் என்பதால், காகிதத்துக்கு இப்போது உறை வேண்டாம் என்றே சொல்கிறார்கள்.

ஒளியைப் பற்றி ஓர் உதாரணம். ஈரானின் அர்தபீல் நகரத்திலிருந்து போன ஒரு பெரிய கம்பளம் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்தில் இருக்கிறது. அதிலேயே நெய்யப்பட்ட ஹிஜ்ரி ஆண்டு 946, அதாவது 1539-40. நீளம் பத்து மீட்டருக்கும் மேல். மியூசியம் அதை வாங்கியது 1893இல். அதை வைத்திருக்கும் ஜமீல் கூடம் 2006இல் திறக்கப்பட்டபோது அவர்கள் செய்த ஏற்பாடு என்ன தெரியுமா? அரை மணி நேரத்துக்கு ஒருமுறை பத்து நிமிடம்தான் அதன்மீது விளக்கு எரியும். மற்ற நேரமெல்லாம் மங்கலான வெளிச்சம். ஏனென்றால் துணியின் சாயத்தையும் காகிதத்தின் மையையும் ஒளி கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கிறது. தின்றதைத் திரும்பக் கக்காது. கையெழுத்துப் பிரதிகளுக்கு ஐம்பது லக்ஸுக்கு மேல் வெளிச்சம் வேண்டாம் என்பது உலகெங்கும் அருங்காட்சியகங்கள் ஏற்றுக்கொண்ட அளவு. நம் ஊர் வெயில் பல்லாயிரம் லக்ஸ்! ஜன்னலுக்கு ஒரு திரை, பிரதிக்குப் பதில் ஒரு வண்ண நகல், அசல் பீரோவுக்குள். மூன்றும் நம் கைக்கு எட்டுகிற காரியம்தானே?

பெட்டியைத் திறந்தால் சில நேரம் சங்கடமும் வெளியே வரும். மறைக்காமல் சொல்கிறேன். சபர் போனவர்களில் சிலருக்கு அங்கேயும் ஒரு குடும்பம் இருந்தது. கடிதக் கட்டுக்கு நடுவே ஒரு பர்மியப் பெண்ணின் படமோ, பெயர் தெரியாத குழந்தையின் படமோ இருந்தால் மாணவர்கள் என்ன செய்யவேண்டும்? இதை ஒரு வகுப்பு முழுக்கப் பேசவேண்டும். அது அந்த வீட்டாரின் ரகசியம். அவர்கள் சம்மதமில்லாமல் சுவரில் ஏறக் கூடாது. நம் பெண்களின் போட்டோக்களும் அப்படித்தான், வீட்டார் மனமுவந்து தந்தாலொழிய வைக்கக் கூடாது. ஆனால் அதற்காக, 'சபராளிகள் அனைவரும் குடும்பத்தை மட்டுமே நினைத்து வாழ்ந்தார்கள்' என்று விளக்க அட்டையில் எழுதவும் கூடாது. சொல்லாமல் விடலாம், பொய் சொல்லலாகாது. இந்த வித்தியாசத்தைப் பதினாறு வயதில் உட்கார்ந்து விவாதிக்கிற பிள்ளை, பிற்காலத்தில் பத்திரிகை நடத்தினாலும் ஜமாஅத் நடத்தினாலும் நன்றாகவே நடத்தும் என்பது என் எண்ணம்.

சாக்பீஸும் செய்தித்தாளும்

அடுத்து அமைப்பு. இதற்குக் கம்ப்யூட்டர் வேண்டும், டிசைனர் வேண்டும் என்று பயப்பட வேண்டாம். பள்ளி மைதானத்தில் அறையின் அளவைச் சாக்பீஸால் அப்படியே வரையுங்கள். பொருள்களின் அளவுக்குச் செய்தித்தாளை வெட்டித் தரையில் போடுங்கள். மாணவர்களை அதற்குள் நடக்க விடுங்கள். எந்த இடத்தில் நெரிசல், எந்த இடத்தில் கூட்டம் தேங்குகிறது, சக்கர நாற்காலி திரும்புமா என்பதெல்லாம் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். சுவரில் மாட்டுவதன் நடுப்பகுதி தரையிலிருந்து ஏறத்தாழ ஐந்தடி உயரத்தில் இருந்தால் பெரியவர் கண்ணுக்கு நேராக இருக்கும். சிறுவர்கள் பார்க்கவேண்டியதை இன்னும் இறக்க வேண்டும். மேசைக்கு ஜிகினாத் துணி வேண்டாம், சாயமில்லாத கோரா துணி போதும். பொருள்தான் பேசவேண்டும்.

இதில் நமக்கே உரிய ஒரு சுவையான சிக்கல் உண்டு. தமிழ் இடமிருந்து வலம் போகிறது. அரபுத்தமிழ் வலமிருந்து இடம் வருகிறது. ஓர் அரபுத்தமிழ் ஏட்டின் வரிகளையும் அவற்றைத் தமிழ் எழுத்தில் பெயர்த்ததையும் எப்படிப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது? வலப்புறம் ஏடு, இடப்புறம் தமிழ் என்று வைத்தால் ஒன்று வலக்கோடியில் தொடங்கும், மற்றது இடக்கோடியில் தொடங்கும், இரண்டும் நடுவில் வந்து சந்திக்கும். அழகாக இருக்கிறது. ஆனால் படிப்பவர் எந்த வரிக்கு எந்த வரி என்று தடுமாறுவார். வரிக்கு வரி மேலும் கீழுமாக வைத்தால் தெளிவாக இருக்கும், இடம் அதிகம் பிடிக்கும். எது சரி? அட்டையில் இரண்டு விதமாகவும் எழுதி டீக்கடை வாசலில் வைத்து நான்கு பேரைப் படிக்கச் சொல்லுங்கள். பதில் அவர்கள் முகத்தில் தெரியும்.

விளக்க அட்டைக்கும் இதே சோதனைதான். நின்றுகொண்டு படிப்பவர் நீண்ட கட்டுரை படிக்க மாட்டார். ஐம்பது, அறுபது சொற்களுக்குள் முடியவேண்டும். கண்ணுக்கு முன் இருப்பதைச் சுட்டவேண்டும். 'பண்டைக் காலத்தில் நம் முன்னோர்கள் பயன்படுத்திய பெட்டி' என்று எழுதுவது வீண். பெட்டி என்பதுதான் பார்த்தாலே தெரிகிறதே! மாறாக இப்படி எழுதலாம்: 'மூடியின் உட்புறம் பாருங்கள். பென்சிலால் தேதிகள். பினாங்கிலிருந்து கடிதம் வந்த நாள்கள். கடைசி இரண்டு தேதிகளுக்கு நடுவே ஒன்றேகால் வருடம். எழுதியவர் பெட்டிக்குச் சொந்தக்காரர் அல்ல, ஊரில் இருந்த அவர் மனைவி.' இதைப் படித்தவர் குனிந்து மூடிக்குள் பார்ப்பார். பார்த்த பிறகு சும்மா நகர்ந்து போக மாட்டார்.

பெருமைக்காகப் பொய்யா?

இப்போது கசப்பான விஷயத்துக்கு வருகிறேன். இளைஞர்களே, கோபிக்காமல் படியுங்கள்.

அந்தச் சுவரில் கண்ட 'முதலில் பறந்தவர்' யார்? ஒன்பதாம் நூற்றாண்டுக் குர்துபாவில் வாழ்ந்த அப்பாஸ் இப்னு ஃபிர்னாஸ். அறிவாளி, கவிஞர், கைவினைஞர். ஆனால் அவர் பறக்க முயன்ற செய்திக்கு முக்கிய ஆதாரமாகக் காட்டப்படுவது, அவர் காலமாகி ஏழு நூற்றாண்டுகளுக்குப் பிறகு வாழ்ந்த மக்கரீயின் நூல். அதிலும் சான்றாக வருவது அவர் காலத்துக் கவிஞர் ஒருவரின் கவிதை வரி. இவ்வளவையும் எழுதினால் அது வரலாறு. 'உலகில் முதலில் பறந்தவர்' என்று மட்டும் எழுதினால் அது சுவரொட்டி. இப்னுல் ஹைதம் காமிராவைக் கண்டுபிடிக்கவில்லை. இருட்டறைக்குள் துளை வழியே ஒளி எப்படி நுழைகிறது என்று பதினோராம் நூற்றாண்டில் சோதனை செய்து எழுதிவைத்தார். அது போதாதா நமக்கு?

'1001 கண்டுபிடிப்புகள்' என்ற கண்காட்சி 2006இல் மான்செஸ்டரில் தொடங்கி, 2010இல் லண்டன் சயின்ஸ் மியூசியத்துக்கு வந்து, பல நாடுகளைச் சுற்றியது. 1206இல் அல்ஜஸரீ எழுதிய நூலில் உள்ள யானைக் கடிகாரத்தை ஆளுயரத்துக்கும் மேலாகச் செய்து நிறுத்தினார்கள். குழந்தைகள் வாய் பிளந்து நின்றார்கள். நல்ல காரியம்தான். ஆனால் இஸ்லாமிய அறிவியல் வரலாற்றையே வாழ்நாள் ஆய்வாகக் கொண்ட அறிஞர்கள் சிலர் 2016இல் ஒரு நூல் வெளியிட்டு, இப்படி மிகைப்படுத்திச் சொல்வது அந்த வரலாற்றுக்கே கேடு என்று எழுதினார்கள். அவர்கள் நம் எதிரிகள் அல்ல. ஒரு பொய் அட்டையைப் பார்த்தவன் பக்கத்தில் உள்ள பத்து உண்மை அட்டைகளையும் நம்ப மாட்டான். கடையில் ஒரு கள்ளத் தராசு பிடிபட்டால் மற்றத் தராசுகளின் கதி என்ன ஆகும் என்பது வணிகருக்குத் தெரியாதா?

வெளிநாட்டை விடுங்கள். நம் கடற்கரையில் எந்த ஊருக்குப் போனாலும் 'இந்தியாவின் முதல் பள்ளிவாசல் எங்கள் ஊரில்தான்' என்கிறார்கள். எல்லாமே முதலாக இருக்க முடியுமா? மாணவர்களுக்குச் சொல்லவேண்டியது இதுதான்: கல்வெட்டு இருந்தால் படியெடு. ஆண்டு இருந்தால் எழுது. செவிவழிச் செய்தி என்றால் 'ஊரார் இவ்வாறு சொல்கிறார்கள்' என்று எழுது.

சர் சையத் அஹ்மத் கானை அலிகர் கல்லூரிக்காக நினைக்கிறோம். அதற்கு முன்பே அவர் டெல்லியின் கட்டடங்களைப் பற்றி 'ஆஸாருஸ் ஸனாதீத்' என்ற நூலை 1847இல் வெளியிட்டார். குதுப் மினாரின் உயரத்தில் இருந்த எழுத்துகள் கீழிருந்து படிக்கக் கிடைக்கவில்லை. என்ன செய்தார்? ஒரு கூடையைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடச் செய்து, அதில் உட்கார்ந்து, ஒவ்வொரு எழுத்தாகப் படியெடுத்தார். கீழே நின்ற அவருடைய நண்பருக்கு உயிர் போய் உயிர் வந்தது! 'ஏதோ அரபு எழுத்து' என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை.

இந்தப் பழக்கம் மிகப் பழையது. இராக்கில் ஒரு பண்டைய நகரம், பெயரே 'ஊர்'. அங்கே 1925இல் லியோனார்ட் வூலி தோண்டியபோது ஓர் அறையில் வெவ்வேறு காலத்துப் பழம்பொருள்கள் ஒன்றாகக் கிடைத்தன. கூடவே ஒரு களிமண் உருளை. இந்த எழுத்துகள் எந்த மன்னன் காலத்துச் செங்கற்களிலிருந்து படியெடுக்கப்பட்டவை, அவற்றைக் கண்டெடுத்தவர் யார் என்று அதில் குறித்திருந்தார்கள். கிறிஸ்துவுக்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கும் முந்திய விளக்க அட்டை! அன்றைக்கே எங்கே கிடைத்தது என்று எழுதினார்கள். நாம் இன்று 'பழமையான கிதாபு' என்று எழுதுகிறோம்.

பெருமையில் மட்டுமல்ல, பிழையிலும் நேர்மை வேண்டும். வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை பிள்ளைகள் தோல் தொழிலைப் பற்றி ஒரு கண்காட்சி வைக்கலாம். ஆவாரம் பட்டையில் தோல் பதனிட்ட காலம், பெரியமேட்டு மண்டிகள், கடல் கடந்த ஏற்றுமதி, அந்தப் பணத்தில் எழுந்த பள்ளிகள், 1919இல் தொடங்கிய இஸ்லாமியாக் கல்லூரி எல்லாம் வரட்டும். அதே சுவரில் பாலாறும் வரவேண்டும். தோல் கழிவு கலந்த நீர், கெட்டுப்போன கிணறுகள், அழிந்த வேளாண்மை, 1996இல் உச்ச நீதிமன்றம் வேலூர் மக்கள் தொடுத்த வழக்கில் அளித்த தீர்ப்பு, கெடுத்தவரே ஈடு செய்யவேண்டும் என்று அது சொன்னது, அதற்குப் பிறகு கட்டப்பட்ட சுத்திகரிப்பு நிலையங்கள் எல்லாம் வரவேண்டும். பாலாற்றை விட்டுவிட்டு வைத்தால், கண்காட்சிக்கு வரும் விவசாயி வாசலிலேயே சிரித்துவிட்டுத் திரும்பிப் போவார். அந்தக் கண்காட்சிக்கு நன்கொடை கேட்டு வரும் மாணவரிடம், 'அந்த ஒரு பலகையை மட்டும் எடுத்துவிடு தம்பி' என்று எந்த முதலாளியும் சொல்லாதிருக்க வேண்டும். சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் முன்கூட்டியே எழுதுகிறேன்.

யார் செய்வது?

இதைப் பட்டப்படிப்பாகவே கற்கலாம். பரோடா பல்கலைக்கழகத்தில் 1952லேயே அருங்காட்சியகவியல் துறை தொடங்கிவிட்டது. அலிகரிலும் அதற்கென ஒரு துறை இருக்கிறது. நம் சமுதாய அமைப்புகள் வழங்கும் கல்வி உதவித்தொகைப் பட்டியலில் இந்தப் படிப்பின் பெயரைக் கண்டதாக எனக்கு நினைவில்லை. ஆண்டுக்கு இரண்டு பேரை அனுப்பினால்கூடப் போதும்.

ஆனால் பட்டம் பெற்றவர் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. சென்னைப் புதுக்கல்லூரியும் திருச்சி ஜமால் முகமது கல்லூரியும் 1951இல் எழுந்தபோது முன்னின்றவர்கள் வணிகர்கள். அந்தத் தலைமுறை கல்லூரியே கட்டியது. நான் இன்று கேட்பது ஓர் அறை. கல்லூரியிலோ பள்ளியிலோ, ஆண்டு முழுவதும் பூட்டிக் கிடக்கும் ஓர் அறை, ஆர்வமுள்ள ஓர் ஆசிரியர், ஒரு பருவத்துக்கு இருபது மாணவர்கள். அரபுக் கல்லூரி மாணவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அரபுத்தமிழ் ஏட்டைச் சரளமாகப் படிக்க அவர்களால் முடியும், கல்லூரி மாணவரால் முடியாது. இருவரும் ஒரே மேசையில் உட்கார இதைவிட நல்ல சாக்கு கிடைக்காது.

முடியுமா என்று சந்தேகிப்பவர்கள் சிங்கப்பூருக்குப் போகும்போது தெலுக் ஆயர் தெருவுக்குப் போய்வாருங்கள். நம் சோழ மண்டலக் கரையிலிருந்து போன முஸ்லிம்கள் 1828 முதல் 1830 வரை கட்டிய நாகூர் தர்கா அங்கே இருக்கிறது. 1974இல் அதைத் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தார்கள். 2011இல் இந்திய முஸ்லிம் பாரம்பரிய மையமாகத் திறந்தார்கள். போனவர்களின் கதை போன இடத்தில் சுவரேறிவிட்டது. அவர்கள் புறப்பட்ட கரையில், அனுப்பிவிட்டு நின்றவர்களின் கதைக்கு இன்னும் ஒரு சுவர் கிடைக்கவில்லை.

கண்காட்சி திறந்த பிறகும் பாடம் முடிவதில்லை. இரண்டு மாணவர்கள் ஓர் ஓரமாக உட்கார்ந்து, எந்த அட்டை முன் எத்தனை பேர் நின்றார்கள், எதைப் பார்க்காமலே நடந்தார்கள் என்று குறிக்கவேண்டும். யாரும் நிற்காத அட்டையை மறுநாள் காலை மாற்றி எழுதவேண்டும். முடிந்த பிறகு ஒவ்வொரு பொருளையும் பதிவேட்டோடு ஒத்துப் பார்த்து, கொடுத்த வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்து, ரசீதைத் திரும்ப வாங்கவேண்டும். ஒரு சாவிக்கொத்து தவறினாலும் அடுத்த ஆண்டு எந்த வீட்டுக் கதவும் திறக்காது.

இதைப் படித்துவிட்டு உங்களில் யாராவது இந்த வெள்ளிக்கிழமையே பரணில் ஏறினாலும் ஏறுவீர்கள். ஒரு வேண்டுகோள். பெட்டியைத் திறந்தவுடன் எதையும் வெளியே எடுக்காதீர்கள். திறந்த நிலையில் மேலிருந்து ஒரு போட்டோ எடுங்கள். பிறகு ஒவ்வொன்றாக எடுக்கும்போது எது மேலே இருந்தது, எது எதற்குள் மடித்து வைக்கப்பட்டிருந்தது என்று ஒரு நோட்டில் பென்சிலால் எழுதுங்கள். வைத்தவர் ஏதோ ஒரு காரணத்தோடுதான் அந்த வரிசையில் வைத்திருப்பார். துணியை உதறாதீர்கள், கடிதக் கட்டின் கயிற்றை அவிழ்க்காதீர்கள். வீட்டில் மூத்த பெண்மணி யாராவது இருந்தால், முதலில் அவர்களைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வையுங்கள்.